பெல்ட்டில் எண்ணெய்

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. காலை முழுக்க வண்டியோடு போயிற்று. வெளியே கழுவி முடித்தபின் பானெட்டையும் திறந்து துடைத்தேன். ஆடியிலிருந்து அடித்த காற்று உடுமலை மண்ணையெல்லாம் உள்ளே கொண்டுவந்து சேர்த்திருந்தது. பழைய பனியன் துணியைத் தேங்காய் எண்ணெயில் தோய்த்து, கறுப்பாக இருந்த எல்லாவற்றையும் பளபளவென்று ஆக்கினேன். குழாய், மூடி, பெல்ட், ஒன்றையும் விடவில்லை. தையல் மிஷினுக்கும் இப்படித்தான் செய்வேன். பூஜையன்று எந்தக் கருவியும் வறண்டு இருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம்.

மாடியில் குடியிருக்கும் குழந்தைவேலு சார் தன் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவந்தார். அரசு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் எடுப்பவர். ஐம்பது வயது, கல்யாணம் ஆகாதவர். ஏன் என்று நான் கேட்டதில்லை. எதிர்வீட்டு மயிலாத்தாக்கா கேட்டிருக்கிறார்.

“இதையும் ஒரு ஓரமா வெச்சுக்கட்டுங்களா டீச்சர்? சரசுவதிக்கு முட்டி வலியாட்ட இருக்குது. மாடிப்படி ஏறி நம்ம பக்கம் எட்டியே பாக்கறதில்ல.”

சிரித்துவிட்டேன். பெட்டிக்கும் சந்தனம் வைத்தேன். மகள் மௌனிகாவுக்குக் கோவையில் பரீட்சை, அவள் வரவில்லை. பொரியும் சுண்டலும் மீந்துவிட்டன. நானே மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சாவியைத் திருகினேன். வண்டி வீறிட்டது. பழம் நசுங்கும் சத்தமோ என்று ஒரு கணம் நினைத்தேன். வண்டிதான் இன்னும் நகரவே இல்லையே. தெருவே திரும்பிப் பார்த்தது. மயிலாத்தாக்கா கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

“ஏனுங் தவமணி, பூசைக்குக் கெடா வெட்டறீங்களா?”

பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு வேறு எரிந்தது. பெருமாள் கோயில்வரை போய்த் திரும்புவதற்குள் காது போயிற்று.

அக்டோபர் 29, ஞாயிறு

பட்டறையில் விட்டால் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு வண்டி வேண்டும். “எதுக்குங் பட்டறை, நான் சும்மாதான இருக்கறேன்” என்று சார் இறங்கிவந்தார். முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். பெல்ட்டை ஒரு விரலால் தொட்டு, விரலை மூக்குக்குக் கொண்டுபோனார்.

“டீச்சர், வண்டிய எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டியிருக்கீங்களாட்ட?”

“பூஜைக்குத் தொடச்சனுங்க.”

“சீயக்காய் போட மறந்துட்டீங்.”

வேதியியல் பட்டம் வாங்கி, இருபது வருடமாக அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ரப்பருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது என்று எனக்குத் தெரியாதா? பழக்கம் என்று வந்துவிட்டால் படித்தது எங்கே போகிறதோ. பெல்ட் வழுக்கினால் கத்தும், ஆல்டர்னேட்டர் சரியாகச் சுற்றாது, பேட்டரியில் சார்ஜ் ஏறாது. அதுதான் சிவப்பு விளக்கு என்று விளக்கினார். பெல்ட்டையும் அது ஓடுகிற உருளையின் பள்ளத்தையும் சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்தார். ஆல்டர்னேட்டரைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டையில் மயிரிழை அளவு ஒரு விரிசலும் இருக்கிறதாம். இப்போதைக்குத் தாங்கும் என்றார்.

பிறகு ஆல்டர்னேட்டரை வெளிப்பக்கமாகத் தள்ளிப் பெல்ட்டை இறுக்க வேண்டும். என் கையில் டயர் லிவரைக் கொடுத்தார். “இப்பிடி நெம்பிப் புடிச்சுக்கங். ஒரு ஆளால ஆகாதுங் இது. நீங்க புடிச்சாத்தான் நான் போல்ட்ட முறுக்க முடியும்.” பிடித்துக்கொண்டேன். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தச் சொன்னார். அரை விரல் உள்ளே போனால் சரி. அதற்குமேல் போனால் தொளதொளப்பு, வழுக்கும். போகவே இல்லை என்றால் அதிக இறுக்கம், பேரிங் தேய்ந்துவிடும்.

சத்தம் நின்றது. போர்ட்டிகோவில் நின்றபடியே காபி குடித்தார். மௌனிகாவின் அப்பா தவறிப்போனபிறகு அந்த இடத்தில் யாரும் நின்று காபி குடித்ததில்லை. டம்ளரை அவரே கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

நவம்பர் 1, புதன்

மோட்டார் போடப் போனபோது படியில் சார் எதிரே வந்தார். நாகர்கோவிலுக்கு மாற்றல் போட்டிருக்கிறார்களாம். சாதாரணமாகத்தான் சொன்னார்.

“வேண்டாம்னு எழுதிக் குடுக்கலாமுங். தீபாவளி கழிஞ்சு செவ்வாக்கெழம சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குது. பிரின்சிபாலு நிறுத்திக் குடுக்கறன்னுட்டாரு. ஆனா காரணம் ஒண்ணு எழுதோணுமாமா.”

“திருமூர்த்தி மலைத் தண்ணி நல்லா இருக்குதுன்னு எழுதுங்க.”

“அது ஊருக்கே இருக்கற காரணமுங் டீச்சர்” என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய் டேங்க் நிறைந்து வழிந்து, மயிலாத்தாக்கா சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்தினேன்.

நவம்பர் 3, வெள்ளி

விளக்குத் தேய்த்தேன். நிலைப்படிக்கு மஞ்சள் பூசினேன். ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களில் பாதி முடிந்தது. சாயங்காலம் பானெட்டைத் திறந்து பார்த்தேன். மறுபடி தூசி. துடைத்தேன்.

நவம்பர் 4, சனி

காலையில் வண்டி கத்தியது. மாடியில் ஜன்னல் திறந்த சத்தம் கேட்டது.

நவம்பர் 5, ஞாயிறு

நான் கூப்பிடுவதற்கு முன்னாலேயே சார் வந்துவிட்டார். பானெட்டைத் திறந்ததும் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பெல்ட்டை ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்தார். கைக்குட்டையைச் சற்று நேரம் பார்த்தார். நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். சலவைக்குப் போட்டால் கறை போகாது என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

“இது பட்டையோட கோளாறுங் டீச்சர்” என்றார். “கழட்டி வெல்டிங் வெச்சாத்தான் ஆகும். போல்ட் ஓட்டையும் தேஞ்சு போச்சு. காலேஜ் லேத்துல ஒரு புஷ் கடைஞ்சு அதுக்குள்ள போட்டர்லாம். ரெண்டு மூணு நடை ஆகுமுங்.”

“உங்களுக்குச் சிரமம்.”

“சிரமந்தானுங். காபியில சக்கரை கொஞ்சம் கூடப் போடுங்.”

காலை முழுவதும் ஆயிற்று. கீழ் போல்ட் துருப்பிடித்து வரவே மாட்டேன் என்றது. நான் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டு பேசும்போது முகம் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ நிறையப் பேசினோம். பவானியில் இருந்த அவர் அம்மாவைப் பற்றிச் சொன்னார். தங்கைகள் மூன்று பேருக்கும் ஒவ்வொன்றாகக் கல்யாணம் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது வயது நாற்பது தாண்டிவிட்டதாம். “பொண்ணு பாக்கப் போனா, அவங்கப்பாவும் நானும் ஒரு செட்டாட்ட இருந்தோமுங்” என்றார். வயிறு வலிக்கச் சிரித்தேன். எனக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே மறந்துபோயிருந்தது.

சாயங்காலம் மயிலாத்தாக்கா உறைமோர் வாங்க வந்தார்.

“ஏனுங் தவமணி, உங்க வண்டிக்கு வாராவாரம் பிரசவமாட்ட? ஞாயித்துக்கெழம ஆனா ரெண்டு பேரும் அதுக்குள்ள தலைய உட்டுட்டு நிக்கறீங்க. என்ன, கொழந்தைய எடுத்தாச்சா?”

வேடிக்கையாகத்தான் சொன்னார். உறைமோரை ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். அவர் போனபிறகு வாசல் விளக்கைப் போடாமலே உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 8, புதன்

மூன்று நாளாகப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில்தான் போனேன். பற்ற வைத்த பட்டையைச் சார் கொண்டுவந்து பொருத்தினார். வழக்கம்போல லிவர் என் கையில். கட்டைவிரலால் அழுத்தினேன், அரை விரல். “டீச்சருக்கு இப்ப என்னைவிட நல்லாத் தெரியுது” என்றார்.

கையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “காரணம் இன்னும் எழுதலீங். எழுதறதுக்கு முன்னாடி, அது நானா நெனச்சுக்கிட்டதா, நெசமாவே இருக்குதான்னு தெரியோணுமல்லங்.”

நான் ரேடியேட்டர் மூடியைத் திருகிப் பார்த்தேன். அது இறுக்கமாகத்தான் இருந்தது.

நவம்பர் 10, வெள்ளி

மழை. முறுக்குக்கு மாவு அரைத்தாயிற்று. தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். மௌனிகாவின் தீபாவளிக் குளியலுக்கு நல்லெண்ணெயும்.

நவம்பர் 11, சனி

மௌனிகாவை அழைத்துவரப் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினேன். கேட்டைத் தாண்டும்போதே வண்டி கத்த ஆரம்பித்தது. நிமிர்ந்து பார்த்தேன். சார் மாடிக் கைப்பிடியில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மௌனிகா காதைப் பொத்திக்கொண்டு ஏறினாள். “என்னம்மா இது, காருக்குள்ள மயிலை வெச்சிருக்கறியா?” இளைத்திருக்கிறாள். முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டிருக்கிறாள். திட்டலாம் என்று நினைத்து, நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

நவம்பர் 12, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

காலையில் எண்ணெய்க் குளியல், இட்லி, எல்லாம் முடிந்தது. மயிலாத்தாக்கா அதிரசத் தட்டோடு வந்து போர்ட்டிகோ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மௌனிகா தரையில் உட்கார்ந்து மத்தாப்புப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சார் புதுச் சட்டை போட்டு, ஈரத் தலையோடு இறங்கிவந்தார். முறுக்கு வேண்டாம் என்றார். நேராக வண்டியிடம் போய்ப் பானெட்டைத் திறந்தார். விரலால் பெல்ட்டைத் தொட்டார்.

“இன்னிக்கு எல்லாத்துக்கும் எண்ணெக் குளியல். வண்டிக்கும் தேச்சாச்சாட்ட இருக்குது.”

மௌனிகா சிரித்தாள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பானெட்டுக்குள் குனிந்துகொண்டு அல்ல, நேராக.

“யாருங்க டீச்சர் தேச்சது?”

குரலில் கேலி இல்லை. பதற்றம்கூட இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. பதில் ஒரு வார்த்தைதான். ‘நான்தானுங்க.’ அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காகவே அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

மயிலாத்தாக்கா அதிரசத்தைப் பிட்ட கையோடு என்னைப் பார்த்தார்.

“இவதானுங்க” என்றேன். “பண்டிகைக்குத் தொடைக்கறன்னு மௌனிகாதான் என்னமோ பண்ணியிருப்பா.”

மௌனிகா நிமிர்ந்தாள். என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். “ஆமாங் சார், நான்தான். சாரி சார்” என்றாள்.

நேற்று அவளை அழைத்துவரக் கிளம்பியபோதே வண்டி கத்தியதை மாடியிலிருந்து கேட்டவர் அவர்.

“பரவால்ல கண்ணு” என்றார். “ரப்பருக்கு எண்ணெ ஆகாது. இனிமே போடாத.” சோப்புத் தண்ணீர் கேட்டு வாங்கித் துடைத்தார். பானெட்டை மெதுவாக மூடினார். முறுக்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

நவம்பர் 13, திங்கள்

மௌனிகா மதியம்வரை பொறுத்திருந்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

“எதுக்கும்மா என்னைச் சொன்ன?”

“என்னமோ வாயில வந்துருச்சு.”

“நான் வந்ததே சனிக்கெழம சாயங்காலம். நீ வண்டியில வர்றப்பவே கத்திட்டு வந்துச்சு. சார் என்ன, கணக்குத் தெரியாதவரா?”

நான் அடுப்பைத் தணித்தேன்.

“போன்ல பேசறப்பெல்லாம் சார் அப்பிடிச் சொன்னாரு, சார் இப்பிடிச் சொன்னாருன்னு சொல்லுவ. நல்லா சிரிப்ப. உனக்கே தெரியாது அது. நான் ஹாஸ்டல்ல ரூம்மேட்டுகிட்டச் சொல்லிட்டிருந்தேன், எங்கம்மா இப்ப சிரிக்கறாங்கன்னு.” வெங்காயத்தினால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அல்லது வெங்காயம் என்று வைத்துக்கொண்டோம். “எனக்கு ஒண்ணும் இல்லம்மா. எனக்காகன்னு மட்டும் எதையும் பண்ணிப்போடாத.”

“பெரிய மனுசியாட்டப் பேசாத” என்றேன்.

அவளுக்காகத்தான் என்று நேற்று முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மயிலாத்தாக்காவுக்காக என்றும் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது நான்தான். கேட்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் பானெட்டைத் திறந்திருக்கிறேன். கேட்டுவிட்டார்.

நாளை சாயங்காலம்வரை நேரம் இருக்கிறது.

நவம்பர் 14, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் பிராக்டிகல் வகுப்பு. ஒரு பெண் ஆசிட்டில் தண்ணீரை ஊற்றப் போனாள், கையைப் பிடித்துவிட்டேன். மற்றபடி இன்று என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

மூன்றரைக்கு ஆய்வகத்தில் யாரும் இல்லை. போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“சொல்லுங் டீச்சர்.”

பின்னால் லேத் ஓடும் சத்தம். அவர் நகர்ந்து வெளியே வந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது.

“டீச்சர்?”

“ஒண்ணுமில்லீங்க சார். வூட்டுக்குப் போனதும் மோட்டார் போடோணும். மாடிக் குழாயை மூடிட்டுத்தான போனீங்க?”

“மூடிட்டனுங்.”

“சரிங்க.”

“வேற ஏதாச்சுமுங்களா?”

“இல்லீங்க.”

அவராகவும் வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

நவம்பர் 15, புதன்

மாற்றலை ஏற்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். மயிலாத்தாக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். “நல்ல மனுசன். அடுத்து யாரு வர்றாங்களோ” என்றார்.

நவம்பர் 19, ஞாயிறு

கூப்பிடாமலே வந்தார். கையில் புது பெல்ட். பழையது எண்ணெய் குடித்து ஊறிப்போய்விட்டது, இனி எத்தனை துடைத்தாலும் ஆகாது என்றார். மௌனிகா கோவைக்குப் போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும்தான். லிவரை எடுக்கக் கை நீட்டினேன்.

“வேண்டாமுங், நானே பாத்துக்கறேன்.”

ஒரு மரத் துண்டை ஆல்டர்னேட்டருக்கும் இஞ்சினுக்கும் இடையில் சொருகினார். முழங்கையால் அதை அழுத்திக்கொண்டு, அதே கையின் விரல்களால் போல்ட்டைப் பிடித்து, மறு கையால் ஸ்பேனரைத் திருப்பினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு ஆளால் ஆகாது என்று முதல் நாள் சொன்னவர். வாரா வாரம் என் கையில் லிவரைக் கொடுத்து, இப்படிப் பிடியுங்கள், அப்படிப் பிடியுங்கள் என்றவர். சாக்குத் தேடிக்கொண்டிருந்தது நான் மட்டும்தான் என்று இத்தனை நாளும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

“சார்” என்றேன்.

“சொல்லுங்.”

“காபி வெக்கட்டுங்களா?”

“இல்லீங், இப்பத்தான் குடிச்சேன்.”

நவம்பர் 20, திங்கள்

வண்டியில் சத்தமே இல்லை.

நவம்பர் 26, ஞாயிறு

சாமான்கள் முந்தாநாளே லாரியில் போய்விட்டன. சாரிடம் ஒரு பையும் ஸ்பேனர் பெட்டியும்தான். பஸ் ஸ்டாண்டில் நான் இறக்கி விடுகிறேன் என்றேன். ஆட்டோவில் போய்க்கொள்வதாகச் சொன்னார். நான் பெட்டியைத் தூக்கிப் பின் சீட்டில் வைத்துவிட்டேன். ரொம்பக் கனம்.

தளி ரோட்டில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு ரயில் போகிற நேரம், இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் தலையைச் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் வேலையைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

“மூணு நாலு மாசம் கழிச்சுப் புதுப் பெல்ட் கொஞ்சம் தளருமுங்” என்றார். “ஒருக்கா இறுக்கோணும்.”

“யாருகிட்டக் காட்டறதுங்க?”

“உங்களுக்கே தெரியுமுங்.”

கேட் திறந்தது. பஸ் ஸ்டாண்டு வாசலில் நிறுத்த இடம் இல்லை. ஓரமாக ஒதுக்கினேன். இறங்கினார், பின் கதவைத் திறந்து பையையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டார். நான் இருந்த பக்கம் சுற்றிவந்து ஜன்னலில் குனிந்தார்.

“பாப்பாவுக்கு லீவு உட்டா ஒருக்கா நாகர்கோயில் வாங்க. கடல் பக்கம்.”

இத்தனைக்கும் பிறகு அவர் மறுபடியும் கேட்கிறார். அது எனக்குப் புரிந்தது. வரேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை வேறு.

“அவ்வளவு தூரம் இந்த வண்டி ஓடுமுங்களா சார்?”

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கையால் பானெட்டை லேசாகத் தட்டினார்.

“வண்டி எங்க வேணாலும் ஓடுமுங் டீச்சர்.”

பின்னால் பழனி பஸ் வந்து நின்று, விடாமல் ஹாரன் அடித்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, “ஏம்மா, எடுக்கறீங்களா இல்லியா?” என்றான். அவர் ஒதுங்கி வழிவிட்டார். நான் எடுத்துவிட்டேன்.